ஐந்தாம் மாடிச் செடிக்கு வார்த்த பால்

1

இன்று காலை அலுவலகத்தில் பழைய மின்னஞ்சல்களை அழித்துக்கொண்டிருந்தேன். பெட்டி நிரம்பிவிட்டது, நீங்களாக அழிக்காவிட்டால் நாங்களே அழித்துவிடுவோம் என்று மிரட்டல் வந்திருந்தது. வரிசையாக அழித்துக்கொண்டே போனவள் ஒன்றின் மேல் மட்டும் கைவைக்க மனமில்லாமல் நின்றேன். சென்ற ஆண்டு கட்டடப் பராமரிப்புப் பிரிவு எங்கள் அலுவலகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் அனுப்பியது அது. ஆங்கிலத்தில் இருந்ததை உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"ஐந்தாம் மாடியில் லிஃப்ட் அருகே உள்ள தொட்டியில் யாரோ ஒருவர் தொடர்ந்து ஒரு வெள்ளைத் திரவத்தை ஊற்றிவருவது தெரியவந்துள்ளது. அது செயற்கைச் செடி. அதற்குத் தண்ணீரோ உரமோ வேறு ஊட்டமோ தேவையில்லை. துர்நாற்றத்துக்குக் காரணமானவர் தாமாக முன்வந்தால் அவருடைய பெயர் ரகசியமாக வைக்கப்படும்."

அந்த யாரோ ஒருவர் நான்தான். அந்த வெள்ளைத் திரவம் என் தாய்ப்பால். செடி பிளாஸ்டிக் என்பது மின்னஞ்சலைப் படிக்கும்வரை எனக்குத் தெரியாது. கரிசல் காட்டில் உளுந்தும் பருத்தியும் விளைந்த வீட்டில் பிறந்த பெண் நிஜச் செடி எது, பிளாஸ்டிக் செடி எது என்று தெரியாமல் வாரக்கணக்கில் பால் வார்த்திருக்கிறாள் என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள்.

அன்று நான் முன்வரவில்லை. இப்போதுதான் முன்வருகிறேன். அதுவும் அவர்களால் படிக்க முடியாத மொழியில்.

2

எனக்குச் சங்கரன்கோவில். பெயரும் ஊருக்கேற்ற பெயர்தான், அங்கே உள்ள அம்மனின் பெயர், கோமதி. துபாய்க்கு வந்து பத்து வருடம் ஆகிறது. சரக்குக் கப்பல் நிறுவனம் ஒன்றில் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அனுப்புபவர், பெறுபவர், எடை, துறைமுகம் என்று ஒரு படிவம் முழுக்கக் கட்டங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். பெட்டி பெட்டியாக வாழைப்பழம் துறைமுகத்தில் கறுத்துக்கொண்டிருந்தாலும் எனக்குக் கவலை கிடையாது, கட்டம் நிரம்ப வேண்டும்.

என் கணவர் இசக்கிமுத்து ஏசி பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர். அவருடைய வேலையில் பிள்ளையை அழைத்துவர விசா தரமாட்டார்கள். என் வேலையில் தருவார்கள். அதாவது நான் வேலையை விட்டால் நாங்கள் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வழியே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பச்சைப் பிள்ளைய விட்டுட்டுப் போக எப்படி மனசு வந்துச்சு?" என்று கேட்ட எல்லோருக்கும் நான் சொல்லி அலுத்த பதில் இது.

பாப்பா ஐப்பசியில் ஊரில் பிறந்தாள். சம்பளத்தோடு உள்ளது, சம்பளம் இல்லாதது, வருடாந்தரம் என்று எல்லா விடுப்பையும் ஒட்டுப்போட்டு எடுத்தும் தையில் தீர்ந்துபோனது. பாஸ்போர்ட்டும் விசாவும் வரும்வரை பாப்பா என் அக்கா செண்பகத்திடம் இருப்பாள் என்று முடிவானது. அக்கா வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. எதிலும் சந்தேகமே வராத ஆள்.

நான் கிளம்புகிற அன்று காலையில் அக்கா பூச்சந்தையிலிருந்து மல்லிகைப்பூ பந்தாக வாங்கிக்கொண்டு வந்தாள். பால் நிற்பதற்கு எங்கள் பக்கம் மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டுவார்கள்.

"இத ரெண்டு பக்கமும் வச்சு இறுக்கிக் கட்டிக்கிடுட்டி. ரெண்டு நாள்ல நின்னுரும். அங்கன போயி நெஞ்சு கட்டிக்கிட்டுக் காய்ச்சல்ல கெடக்காத."

"நிக்க வேண்டாம்க்கா. பாப்பா என் கைக்கு வாற வரைக்கும் நான் வத்த விடமாட்டேன்."

"குடிக்க ஆளில்லாம எப்படிட்டி சுரக்கும்?"

"மிஷின் வாங்கியிருக்கேன்லா."

அக்கா மிஷினைத் தூக்கிப் பார்த்தாள். குழாயை இழுத்துப் பார்த்தாள். "நம்ம கெணத்துல இருந்த பம்புசெட்டு மாதிரில்லா இருக்கு" என்றாள். பிறகு பூவை என் தலையில் வைத்துவிட்டாள். மதுரை விமான நிலையம் வரைக்கும் மணந்துகொண்டே போனேன். பாதுகாப்புச் சோதனையில் என் ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருப்பதைப் பார்த்த பெண் காவலர் எதுவும் கேட்காமல் "போங்கம்மா" என்றார். அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அங்கேதான் வந்தது.

3

பாப்பா என்னிடம் எப்போது வருவாள் என்பதற்கு விடை அரசாங்கத்திடம் இருக்கவில்லை, என் மாமனாரிடம் இருந்தது.

மாமா அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டம் காலியாக உள்ள மனுவைத் தம் வாழ்நாளில் ஒன்றுகூட வாங்கியதில்லை என்பது அவருடைய பெருமை. மனுவில் தேதி போட மறந்த ஒருவரை ராயகிரியிலிருந்து மூன்று தடவை வரவழைத்த கதையை அவரே சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் "இவதான் நம்ம வீட்டுக்குச் சரி" என்று காப்பியைக் குடித்த மனிதர். அப்பேர்ப்பட்டவர் தம் பேத்தியின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்.

காரணம் வீட்டு வழக்கம். அவர்கள் குலதெய்வம் சாஸ்தா. எங்கள் பக்கத்துத் திருவேங்கடம் என்ற ஊரைத் தாண்டிப் போனால் கரிசலுக்கு நடுவே கோயில். பிள்ளைக்கு இரண்டு பெயரை எழுதிச் சீட்டாகச் சுருட்டி, பங்குனி உத்திரத்தன்று சாஸ்தாவின் முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதுவரைக்கும் பாப்பா வெறும் பாப்பா.

"மாமா, பாஸ்போர்ட்டுக்குப் பேரு வேணும். இப்போதைக்கு ஒண்ணு எழுதிக் குடுத்துருவோம், கோயில்ல பெறகு எடுத்துக்கிடலாம்" என்று ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"நீயா எழுதிட்டு அப்புறம் சாஸ்தாட்ட போயி என்னன்னு கேப்பே? 'நான் எல்லாம் முடிச்சுட்டேன், நீரு கையெழுத்து மட்டும் போடும்'னு கேப்பியா?"

"பங்குனிக்கு இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல கெடக்கே மாமா. என்ன இப்படிச் சொல்லுதிய?"

"ரெண்டு மாசந்தான மக்கா? நான் ஒரு பட்டாவுக்கு ரெண்டு வருசம் ஆள அலைய விட்டிருக்கேன்."

இவர், அதாவது என் கணவர், தொலைபேசியின் மறுமுனையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் நியாயம் பேசுபவர், அப்பா முன்னால் மட்டும் கேஸ் தீர்ந்த ஏசி. சத்தம் வரும், குளிர் வராது. "ம்... ம்... அப்பா சொல்லுததும் சரிதான்..." என்றார். அந்த நிமிடம் அவர் பக்கத்தில் இல்லாதது அவருடைய அதிர்ஷ்டம்.

4

துபாய்க்குத் திரும்பிய முதல் நாள். பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் இடைவேளை உண்டு என்று படித்திருந்ததால் மனிதவளப் பிரிவுக்குப் போனேன். அங்கே லீனா என்ற பெண். இனிமையாகப் பேசுவாள், இனிமையாக மறுப்பாள்.

"வாழ்த்துகள்! இடைவேளையில் எங்கே போய்ப் பாலூட்டுவீர்கள்?"

"எங்கேயும் போகமாட்டேன். குழந்தை சங்கரன்கோவிலில் இருக்கிறது."

"அது எந்த எமிரேட்டில் இருக்கிறது?"

"இந்தியாவில்."

லீனா என்னைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள். "அரை மணி நேரத்தில் இந்தியா போய்விட்டு வர முடியாதே" என்றாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள். மிஷினை விளக்கினேன். குடிக்க ஆளில்லை என்று தெரிந்தால் உடம்பு சுரப்பதை நிறுத்திக்கொள்ளும், ஆள் இருக்கிறது என்று மூன்று மணிக்கொரு தரம் அதை ஏமாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன். ஏமாற்று என்ற சொல் லீனாவுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் விண்ணப்பத்தைத் திறந்தாள்.

முதல் கட்டம்: குழந்தையின் பெயர்.

அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் மாமாவைப் பார்த்தது மாதிரி இருந்தது. இன்னும் வைக்கவில்லை, சாமி கோயிலில் எடுக்க வேண்டும் என்றேன். கட்டம் காலியாக இருந்தால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது என்றாள் லீனா. இதே வாக்கியத்தை ஒன்பது வருடமாக நான் அடுத்தவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். எனக்குச் சொல்லப்பட்டபோதுதான் அது எவ்வளவு மோசமான வாக்கியம் என்று தெரிந்தது.

"வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?"

"பாப்பா."

அடித்தாள். குடும்பப் பெயர் என்று இன்னொரு கட்டம் சிவந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதிலும் பாப்பா என்றே அடித்தாள். இப்படியாக, பாப்பா பாப்பா என்ற குழந்தையின் தாய்க்குத் தினமும் காலை அரை மணி, மாலை அரை மணி இடைவேளை அனுமதிக்கப்பட்டது.

இடம்தான் இல்லை. பழைய கோப்புகள் அடுக்கியிருந்த அறையைக் கொடுத்தார்கள். தாழ்ப்பாள் கிடையாது. 'ஆவணச் சரிபார்ப்பு நடக்கிறது' என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினேன். அதன் பிறகு ஒரு ஆண்பிள்ளையும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

5

ஊரிலிருந்து ஆலோசனை வந்து குவிந்தது. பூண்டுக் குழம்பு சாப்பிடு. பால்சுறா வாங்கிப் புட்டு அவி. முருங்கைக்கீரையை விடாதே. வெந்தயக்களி கிண்டு. தைத்துக்கொள்ள வந்த ஒரு அம்மாள் அக்காவிடம், "அங்கன ஒட்டகப்பால் கெடைக்குமாமே, அதக் குடிச்சா நம்மளுக்கும் ஊறும்லா?" என்று கேட்டனுப்பினார். ஒட்டகத்தைத் தவிர எல்லாவற்றையும் செய்தேன். பூண்டு வாடையைப் பற்றி அலுவலகத்தில் பொதுவாக ஒரு மின்னஞ்சல் வந்தது. பெயர் சொல்லவில்லை. என் மேஜையைச் சுற்றி மட்டும் வாசனைத் தைலம் வைத்தார்கள்.

வீட்டில் எடுக்கும் பாலைப் பையில் அடைத்து, தேதி எழுதி, ஃப்ரீசரில் வைத்தேன். நாங்கள் இருப்பது மூன்று குடும்பங்கள் சேர்ந்து எடுத்த வீடு. ஃப்ரீசரில் எங்களுக்கு ஒரு தட்டுதான். இவருடைய மீனுக்கு அதில் இடமில்லாமல் போனது, அப்பாவுக்கு 'ம்' போட்டதற்கு அது சரியான தண்டனை. ஆனால் தட்டு நிரம்பிவிட்டது. இனி அலுவலகத்தில் எடுப்பதைக் கொட்டத்தான் வேண்டும். முதல் தடவை காப்பி போடும் இடத்துத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன். அன்று மாலை வாய் சும்மா இருக்காமல் அக்காவிடம் சொல்லித்தொலைத்தேன்.

"என்னட்டி சொல்லுத? எச்சில் கழுவுத இடத்துலயா ஊத்துன? பால் வத்திரும்ட்டி! கால் படாத எடத்துல, செடி மூட்டுல ஊத்தணும். அம்மா சொல்லலையா ஒனக்கு?"

அப்போதைக்கு அக்காவைக் கேலி செய்து வைத்துவிட்டேன். நான் எம்.காம். படித்தவள். மறுநாள் காலையில் தொண்ணூறு மில்லி வர வேண்டிய இடத்தில் நாற்பதுதான் வந்தது. அதற்கு அடுத்த நாள் முப்பத்தைந்து. சரியாகத் தூங்காததுதான் காரணம் என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? எம்.காமைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஐந்தாம் மாடியில் கால் படாத இடத்தில் இருக்கும் செடியைத் தேடினேன். லிஃப்ட் பக்கத்தில் ஒன்று இருந்தது. அகல அகலமாக இலை, மேலே வெள்ளைக் கூழாங்கல். பாலைவனத்தில் எப்படி இவ்வளவு பச்சையாக வைத்திருக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டேன். பாலும் பழைய அளவுக்கு வந்துவிட்டது. ஒரு நாள் இலையைத் தொட்டுக் கும்பிட்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் வீடியோ அழைப்பு. பாப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்தால் பால் நன்றாக வரும் என்பதால் மிஷினைப் போட்டுக்கொண்டுதான் பேசுவேன். இதற்கு நடுவில் மிஷின் ஒரு நாள் படுத்துவிட்டது. இவர் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்தார். "இது ஒரு சின்ன கம்ப்ரசர், அவ்வளவுதான்" என்றார். கழற்றி மாட்டியதில் ஓடத் தொடங்கியது, ஆனால் பேட்டரி போய்விட்டது. கரண்டில் செருகினால் மட்டுமே ஓடும். சத்தமும் மாறிவிட்டது. முன்பு பூனை மாதிரி இருந்தது, இப்போது 'கர்ரக்... கர்ரக்...' என்று வீடே அதிர்ந்தது. பக்கத்து அறைக்காரர் இட்லிக்கு ஆட்டுகிறோம் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை தமக்கும் கொஞ்சம் மாவு வேண்டும் என்றார்.

பாப்பா வளர்ந்தாள். செல்போனை நக்கினாள். குப்புற விழுந்தாள், தவழப் பார்த்தாள். எல்லாமே உள்ளங்கை அளவு திரையில். "அம்மா எங்க மக்கா?" என்று அக்கா கேட்டால் செல்போனைப் பார்த்தாள். செல்போன் கையில் இல்லாவிட்டால் சார்ஜ் போடும் சுவரைப் பார்த்தாள். அக்கா இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

6

மாசியில் அந்த மின்னஞ்சல் வந்தது. மேஜை மேஜையாக ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். தினமும் மோர் கொண்டுவரும் ஒரு பெரியவர் மேல்தான் பழி விழுந்தது. பாவம், அவர் டப்பாவைத் திறந்து காட்டி, முழுவதையும் தானே குடிப்பதாக நிரூபிக்க வேண்டியிருந்தது. நான் தலையைக் குனிந்து ஒரு படிவத்தில் இல்லாத தவறைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பராமரிப்பு மேற்பார்வையாளர் எங்கள் மாடியைத் துடைக்கும் மாயாவைக் கூப்பிட்டு விசாரித்தார். மாயா நேபாளத்துக்காரி. "மேலே ஏசியிலிருந்து ஒழுகுகிறது சார்" என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். அவர் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு மாயா நேரே கோப்பு அறைக்கு வந்தாள். 'ஆவணச் சரிபார்ப்பு' தாளைப் பார்த்தும் கதவைத் தட்டிய முதல் ஆள் அவள்தான்.

எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் மன்னிப்புக் கேட்டேன். அவள் கையை அசைத்து நிறுத்தினாள்.

"முதல் நாளே தெரியும். புட்டியைக் கழுவும்போது பார்த்தேன். நான் வந்தபோது என் மகனுக்கு ஐந்து மாதம். நாலு நாள் கழிப்பறையில் நின்று கையாலேயே பிழிந்தேன். ஐந்தாம் நாள் நின்றுவிட்டது. இப்போது அவனுக்கு ஏழு வயது."

லீனாவையும் பாப்பா பாப்பாவையும் வைத்து நான் எத்தனை பேரிடம் கிண்டலாகக் கதை சொல்லியிருக்கிறேன். மாயாவுக்கு அந்தக் கிண்டல் பண்ணக்கூட ஒரு படிவத்தை யாரும் கொடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"கீழே எங்கள் பஸ் நிற்கும் இடத்தில் வேப்பமரம் இருக்கிறது. சுற்றிக் கல் கட்டியிருக்கிறார்கள், யாரும் மிதிக்க மாட்டார்கள்" என்றாள் மாயா. பிறகு, "நிஜ மரம். நான் தொட்டுப் பார்த்துவிட்டேன்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் புட்டியை அவள் வாங்கிக்கொண்டு போய் வேப்பமரத்து மூட்டில் ஊற்றிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். ஏன் எதற்கு என்று அவள் கேட்கவே இல்லை.

7

பங்குனி உத்திரம் வந்தது. கோயிலில் அக்கா செல்போனைத் தூக்கிப் பிடிக்க, நாங்கள் இருவரும் துபாயிலிருந்து பார்த்தோம். ஒரே கூட்டம், ஒரே வெயில், யாரோ ஒருவருடைய முதுகு. மாமா இரண்டு சீட்டைச் சாஸ்தாவின் முன்னால் போட்டார். ஒன்றில் தான் விரும்பிய பெயர், இன்னொன்றில் நான் கேட்ட பெயர் என்று எங்களிடம் சொல்லியிருந்தார். பங்காளி வீட்டுச் சிறுமி ஒருத்தி ஒன்றை எடுத்தாள். மாமா பிரித்து உரக்கப் படித்தார்: "பூரணம்!"

அவருடைய அம்மாவின் பெயர். சாமியே சொல்லிவிட்ட பிறகு பேச என்ன இருக்கிறது என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அக்காதான் சும்மா இருக்காமல் கீழே கிடந்த இன்னொரு சீட்டை எடுத்துப் பிரித்தாள். செல்போனுக்கு நேரே காட்டினாள். அதிலும் பூரணம்.

"என்ன மாமா இது?" என்றாள் அக்கா.

மாமா கொஞ்சங்கூட அசரவில்லை. "சாஸ்தாவுக்கு எதுக்குக் கொழப்பம்? அவருக்கு இன்னைக்கு எத்தன வீட்டு வேலை கெடக்கு!"

துபாயில் நான் அலறிய அலறலில் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டினார். ஐப்பசியிலேயே முடிவு செய்த பெயர்! அந்தக் கட்டத்தில் எழுதினால் நாலே எழுத்து! அதற்காக என் பிள்ளை இத்தனை நாள் சுவரைப் பார்த்து அம்மா என்று நினைத்திருக்கிறாள்! "ஒங்கப்பாட்ட கேளுங்க!" என்று இவரை உலுக்கினேன்.

இவர் செல்போனை வாங்கினார். தொண்டையைக் கனைத்தார். "அப்பா, நீரு செஞ்சது தப்பு வே" என்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் சொல்லி நான் கேட்ட மிக அழகான வாக்கியம் அதுதான். அப்பாவைச் சேக்காளியைக் கூப்பிடுவதுபோல 'வே' என்று சொன்னது வாய் தவறியா, வேண்டுமென்றா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போனது மட்டும் திரையில் தெரிந்தது.

மறுநாளிலிருந்து மாமா ஓடினார். தாம் பிறரை அலையவிட்ட அத்தனைக்கும் சேர்த்து அலைந்தார். பெயர் சேர்த்த சான்றிதழ், பாஸ்போர்ட், சென்னையில் ஒரு முத்திரை, டெல்லியில் ஒரு முத்திரை. ஒரு இடத்தில் தேதி விட்டுப்போனதென்று அவரையே திருப்பி அனுப்பினார்கள். "அவன் செஞ்சது சரிதான்" என்று எனக்குச் சொல்லிவிட்டு மறுபடியும் பஸ் ஏறினார்.

இதற்குள் எனக்குக் குறைந்துகொண்டே வந்தது. சித்திரையில் அறுபது மில்லி. வைகாசியில் நாற்பத்தைந்து. ஆனியில் முப்பது. எந்தக் கீரையும் எந்த மீனும் உதவவில்லை. உடம்பு என் ஏமாற்றுவேலையைக் கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு நாள் மாயாவிடம் புட்டியைக் கொடுத்தபோது அடியில் ஒரு விரல் அளவுதான் இருந்தது. அவள் தூக்கிப் பார்த்துவிட்டு, "நின்றுவிடவில்லை அல்லவா?" என்றாள்.

8

விசா வந்தது ஆடியில். இவருக்கு விடுப்புக் கிடைக்காமல் நான் மட்டும் போனேன். நான் போய் இறங்கியது ஆடித்தபசு அன்று, ஊரில் அம்மனுக்குத் திருவிழா. கார் ஊருக்குள் நுழைய முடியவில்லை. பெட்டியைத் தலையில் வைக்காத குறையாக, கூட்டத்தை இடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

பாப்பா அக்காவின் இடுப்பில் இருந்தாள். ஒன்பது மாதம். கையை நீட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தி, அக்காவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அம்மாட்டி! பாரு, ஒங்கம்மா வந்திருக்கா!"

பாப்பா அழுகைக்கு நடுவே திரும்பி, சார்ஜ் போடும் சுவரைப் பார்த்தாள்.

மடியில் வைத்தால் வளைந்து நழுவினாள். பால் கொடுக்கப் பார்த்தால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கத்தினாள். பால்பவுடர் புட்டியைக் கேட்டாள். ஒரு மணி நேரம் ஆனது. மாமா வந்து கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார், உள்ளே வர அவருக்கு முகம் இல்லை. எனக்கு உள்ளே எல்லாமே அற்றுப்போனது. ஆறு மாதம் நான் ஏமாற்றி வைத்திருந்தது என் உடம்பை இல்லை, என்னைத்தான் என்று தோன்றியது.

பயணத்தில் எடுக்காததால் நெஞ்சு கனத்து வலித்தது. வழக்கம்போல எடுத்து எங்கேயாவது ஊற்றிவிட வேண்டியதுதான். பெட்டியிலிருந்து மிஷினை எடுத்துச் செருகி, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன்.

கர்ரக்... கர்ரக்...

அழுகை நின்றது.

திரும்பிப் பார்த்தேன். பாப்பா அக்காவின் மடியிலிருந்து வழுக்கி இறங்கினாள். தவழ்ந்து வந்தாள். மிஷினை ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள், திரையில் பார்க்கிற மாதிரியே, தலையைச் சாய்த்து. ஒவ்வொரு மாலையும் அந்தச் சத்தத்தோடுதான் நான் அவளிடம் வந்திருக்கிறேன். அந்தச் சத்தம்தான் அம்மா.

"ஏட்டி, தூக்குட்டி" என்றாள் அக்கா கிசுகிசுப்பாக.

தூக்கி மறுபக்கம் வைத்தேன். கொஞ்சம் முகர்ந்தாள். பற்றிக்கொண்டாள். மில்லிக் கணக்கெல்லாம் பொய். அவள் இழுத்த இழுப்பில் ஆனியில் காணாமல் போனதெல்லாம் எங்கிருந்தோ வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. தெருவில் அம்மன் சப்பரம் வருகிறது, கம்பியில் தட்டாமல் இருக்க நிறுத்திவிட்டார்கள்.

மோட்டார் நின்றது. பாப்பா வாயை எடுத்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். யார் நீ என்கிற அதே பார்வை. கீழுதடு பிதுங்கத் தொடங்கியது.

"ஏன் சத்தம் நின்னுட்டு?" என்றார் வெளியிலிருந்து மாமா.

யோசிக்க நேரமில்லை. எம்.காம்., ஒன்பது வருட அனுபவம், மூத்த ஆவண அலுவலர். வாயைத் திறந்து, "கர்ரக்... கர்ரக்..." என்றேன்.

பாப்பா என் வாயையே பார்த்தாள். ஒரு கை நீட்டி என் உதட்டைத் தொட்டாள். பிறகு குனிந்து மறுபடி பற்றிக்கொண்டாள்.

தெருவில் மேளமும் நாதஸ்வரமும் வாசலைக் கடந்துகொண்டிருந்தன. நான் நிறுத்தவில்லை. "கர்ரக்... கர்ரக்..." அழுகையும் சிரிப்பும் சேர்ந்துகொண்டதில் ஓரிடத்தில் தொண்டை அடைத்து, எனக்குச் சத்தம் நின்றுபோனது. பாப்பாவின் கண் உயர்ந்தது.

அதற்குள் கதவுக்கு வெளியிலிருந்து, எந்தக் கட்டத்தையும் காலியாக விடாத என் மாமனாரின் குரல் வந்தது:

"கர்ரக்... கர்ரக்..."